சிப்பாய் செட், பன்னிரண்டு உருப்படி

அப்பாயி ஒரு கொலு நோட்டு வைத்திருந்தார். நாற்பது பக்க ரூல் போட்ட நோட்டு. எந்த வருஷம் என்ன பொம்மை, எங்கே வாங்கியது, என்ன விலை என்று பென்சிலில் எழுதியிருக்கும். ஒவ்வொரு நவராத்திரிக்கும் ஒரு புது உருப்படியாவது படியேற வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். அதனால் நோட்டில் ஒரு வருஷம்கூட விட்டுப்போகவில்லை. அப்பாயிக்குப் பிறகு அம்மா எழுதுகிறார். 1987க்கு நேராக இப்படி இருக்கிறது: ‘சிப்பாய் செட், 12 உருப்படி, கும்பகோணம், ரூ. 60.’

குதிரையில் ஒரு துரை, பேண்டு வாசிக்க நாலு பேர், தோளில் துப்பாக்கி சாய்த்த ஏழு சிப்பாய்கள். சிவப்புச் சட்டை, கறுப்புத் தொப்பி, எல்லார் முகத்திலும் ஒரே மீசை. நான் பிறப்பதற்கு முன்னாலேயே வீட்டுக்கு வந்துவிட்டார்கள். சின்ன வயதில் கொலு நடக்கும் நாட்களில் எனக்கு வெங்கடாசலபதியைவிட அந்த ஏழு பேர்தான் முக்கியம். தொடக் கூடாது என்பார்கள். தொட்டிருக்கிறேன். அதில் ஏழாவது சிப்பாயின் வலது கை போனது என்னால்தான். அப்பா எம்சீல் வைத்து ஒட்டினார்.

அந்தக் கிறுக்கு பெரியவனாகியும் விடவில்லை. வேலைக்குச் சேர்ந்து கையில் காசு புரண்டதும் இங்கிலாந்திலிருந்து வரும் 28 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் சிப்பாய்களை வாங்க ஆரம்பித்தேன். நெப்போலியன் காலத்துப் படைகள். அச்சுச் சட்டத்திலிருந்து வெட்டி, ஒட்டி, பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு பொத்தான்களுக்கு வண்ணம் தீட்டுவது. சென்னையில் இந்தப் பித்து பிடித்த ஏழெட்டுப் பேர் மாதம் ஒரு ஞாயிறு சந்திப்போம். மூன்று நாலு வருஷமாக அந்தச் சந்திப்பில் பேச்சு ஒன்றுதான்: விலை. நாட்டிங்ஹாமில் இருக்கும் கேம்ஸ் வொர்க்‌ஷாப் என்கிற பெரிய நிறுவனம் அநேகமாக வருஷா வருஷம் ஏற்றுகிறது, அதைப் பார்த்துச் சின்னவர்களும் ஏற்றுகிறார்கள். இந்தியாவில் பொம்மை இறக்குமதிக்கான அடிப்படைச் சுங்கவரி 2020 பிப்ரவரியில் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023இல் 70. நான் வாங்கும் கடைக்காரர் ஒவ்வொரு ஏற்றத்துக்கும் அதைத்தான் காட்டுவார். ‘இப்படியே போனால் இந்த ஹாபியே செத்துரும்’ என்று எங்களில் யாராவது சொல்லாமல் அந்த ஞாயிறு முடியாது. நானும் சொல்லியிருக்கிறேன், பலமுறை, உண்மையான வருத்தத்தோடு.

2024 நவராத்திரிக்கு முன்னால் ஊருக்குப் போயிருந்தேன். சிப்பாய் செட்டுக்குத் துணையாகப் புதிதாக ஒரு ராணுவ அணிவகுப்பு வாங்கலாம் என்று தஞ்சாவூரில் பொம்மை செய்து விற்கும் ஒருவரிடம் அம்மாவோடு போனேன். அறுபதை நெருங்கும் வயது. தலையாட்டிப் பொம்மைகளும் கொலு செட்டுகளும் செய்கிறார். பன்னிரண்டு உருப்படி, காகிதக்கூழ், குடியரசு தின அணிவகுப்பு மாதிரி. விலை 3200 என்றார்.

“என்னண்ணே, ரொம்பச் சொல்றீங்களே. எங்க வீட்ல இதே மாதிரி மண்ணு செட்டு அறுபது ரூபாய்க்கு வாங்கினது இருக்கு.”

“எப்ப தம்பி?”

“எம்பத்தேழுல.”

அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. “நீங்க கேக்குற விலைக்குப் பழசுதான் கெடைக்கும் தம்பி. அது எங்கப்பா காலத்து ஆளுங்களுக்குக் கெடைச்ச விலை” என்றார்.

அன்று வாங்கவில்லை. 2500க்குக் கேட்டேன், அவர் இறங்கவில்லை, நான் வந்துவிட்டேன். அதற்கு முந்தைய வாரம்தான் பத்து பிளாஸ்டிக் குதிரைவீரர்கள் கொண்ட ஒரு பெட்டிக்கு நாலாயிரத்துச் சொச்சம் கொடுத்திருந்தேன். அங்கே பேரம் இல்லை. திரையில் வரும் எண்ணைப் பார்த்து முணுமுணுத்துவிட்டு ஓடிபியைப் போடுவதோடு சரி. நேருக்கு நேர் நிற்கும் மனிதரிடம்தான் 700 ரூபாய்க்கு வாதாடத் தோன்றுகிறது.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் இதைச் சொன்னேன். அப்பா அம்மாபேட்டைப் பக்கம் சொச்ச நிலத்தில் இன்னும் நெல் போடுகிறார். நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு மனக்கணக்குப் போட்டார். 1987-88இல் சாதாரண ரக நெல்லுக்கு மத்திய அரசின் ஆதார விலை குவிண்டாலுக்கு 150 ரூபாய். அறுபது ரூபாய் என்றால் நாற்பது கிலோ, கச்சிதமாக ஒரு சிப்பம். 2024-25இல் ஆதார விலை 2300, மாநில அரசின் ஊக்கத்தொகை தனி. 3200 ரூபாய்க்கு ஏறக்குறைய நூற்று நாற்பது கிலோ, அதாவது மூன்றரைச் சிப்பம்.

“அப்ப பொம்மை விலை மூணரை மடங்கு ஏறியிருக்கு” என்றேன்.

“நெல்லு விலை ஏறலைன்னு சொல்லு. பொம்மை ஏறிடுச்சுன்னு ஏன் சொல்ற?” என்றார்.

இது எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை. விலை ஏறிவிட்டது என்று சொல்லும்போது ஒரு பழைய விலையை நியாயமானதாக மனதுக்குள் நட்டுவைத்துக்கொண்டுதான் சொல்கிறோம். அந்த அறுபது ரூபாயை யார் நியாயம் என்று சொன்னது? களிமண்ணைச் சப்பாத்தி மாதிரி தட்டி, இரண்டு பாதி அச்சுகளில் அழுத்தி, பொருத்தி, நிழலில் உலர்த்தி, சூளையில் வைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வெள்ளை பூசி, பிறகு வண்ணம், கடைசியில் மீசை. பன்னிரண்டு உருப்படிக்கும் இத்தனையும் செய்து ஒரு குடும்பம் விற்றிருக்கிறது, அதில் கடைக்காரர் லாபமும் சேர்த்து அறுபது. அப்பாயி அன்றைக்கும் பேரம் பேசித்தான் வாங்கியிருப்பார். வருஷம் முழுக்கச் செய்து ஒரே மாதத்தில் விற்க வேண்டிய பொருள் அது. முன்பணம் வாங்கியவருக்கு விலை சொல்லும் இடம் கிடையாது. டெல்டாக்காரனான எனக்கு இது புரியாத விஷயமில்லை. நெல்லை விளைவித்தவன் விலை சொல்லி நான் பார்த்ததே இல்லை. அந்தக் குறையைக் கேட்டுத்தான் வளர்ந்தேன். ஆனால் பொம்மைக் கடையில் போய் நின்றதும் கொள்முதல் செய்கிற ஆளின் குரல் எனக்கு எவ்வளவு இயல்பாக வந்துவிட்டது!

பொருளாதாரம் படித்த நண்பன் ஒருவன் இதைத் தள்ளுபடி செய்வான். தேவை, அளிப்பு, இரண்டும் சந்திக்கும் புள்ளி, அதில் நியாயம் எங்கே வந்தது என்பான். இருக்கலாம். ஆனால் சேகரிப்பவனின் நிலைமை சாதாரண நுகர்வோனுடையது அல்ல. அரிசி வாங்குகிறவனுக்கு அரிசி மலிவாக இருந்தால் போதும். சேகரிப்பவனுக்கோ தன் அலமாரியில் ஏற்கெனவே இருப்பது விலை ஏற வேண்டும், நாளை வாங்கப் போவது இறங்க வேண்டும். எங்கள் ஞாயிறு கூட்டத்தில் புது விலையைத் திட்டிக்கொண்டிருந்த அதே ஆள், தன்னிடம் உள்ள உற்பத்தி நின்றுபோன பெட்டி இப்போது என்ன விலைக்குப் போகிறது தெரியுமா என்று பெருமையாகப் போனை நீட்டுவான். ஒரே ஏற்றத்தின் இரண்டு பக்கங்கள் அவை. எங்கள் புலம்பலில் பாதி பொய் என்று அந்த இடத்தில்தான் தோன்றுகிறது.

பொம்மைச் சிப்பாய்களின் வரலாறே மலிவில் ஆரம்பித்ததுதான். 1893இல் லண்டனில் வில்லியம் பிரிட்டன் ஜூனியர் உள்கூடாக வார்க்கும் முறையைக் கண்டுபிடித்தார். உருக்கிய ஈயக் கலவையை அச்சில் ஊற்றி, ஓரம் இறுகியதும் மிச்சத்தை வெளியே கவிழ்த்துவிடுவது. மெல்லிய ஓடு மட்டும் நிற்கும். உலோகம் மிச்சம், எடை குறைவு, அதனால் அதுவரை சந்தையைப் பிடித்திருந்த ஜெர்மன் கெட்டிப் பொம்மைகளை விலையில் அடிக்க முடிந்தது. வண்ணம் தீட்டியவர்களில் பெரும்பாலோர் பெண்கள், உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி. 1966இல் ஈய வார்ப்பு நின்றது, பிளாஸ்டிக் வந்தது, அதன் பிறகு பழைய ஈயச் சிப்பாய்கள் ஏலப் பொருளாகிவிட்டார்கள். நடுத்தர வீட்டுப் பிள்ளை கைக்காசில் வாங்கட்டும் என்று செய்யப்பட்டவை இன்று பெட்டியின் சிவப்பு லேபிள் கிழிந்திருக்கிறதா என்று பார்த்து விலை போடப்படுகின்றன.

பிரிட்டன்ஸ் பட்டியலில் மதராஸ் நேட்டிவ் இன்ஃபன்ட்ரி செட்டும் உண்டு. நம் ஆட்கள். திருச்சியிலும் ஆற்காட்டிலும் படைக்கு எடுக்கப்பட்டவர்களின் வாரிசுகள், ஐந்தரை சென்டிமீட்டர் உயரத்தில், லண்டன் குழந்தைகளின் தரைவிரிப்பில். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிக நீண்ட காலம் நிஜச் சிப்பாயின் மாதச் சம்பளம் ஏழு ரூபாயிலேயே நின்றது. 1895இல்தான் ஒன்பது ஆனது. பொம்மைச் சிப்பாயின் விலை ஏறியதுபோல அவன் விலை ஏறவில்லை என்று எழுதக் கை வருகிறது, ஆனால் அது மலிவான ஒப்பீடு. விட்டுவிடுகிறேன்.

எங்கள் மாவட்டத்துக்கும் நெப்போலியனுக்கும் ஒரு தொடர்பு உண்டு. பட்டுக்கோட்டை தாண்டி, மல்லிப்பட்டினத்தை ஒட்டிய சரபேந்திரராஜன்பட்டினம் கடற்கரையில் மனோரா நிற்கிறது. அறுகோண வடிவம், எட்டு அடுக்கு. நெப்போலியனின் வீழ்ச்சியையும் ஆங்கிலேயரின் வெற்றியையும் கொண்டாட இரண்டாம் சரபோஜி 1814-15இல் கட்டியது. 1799 ஒப்பந்தத்திலேயே நாட்டையும் நிர்வாகத்தையும் கம்பெனியிடம் கொடுத்துவிட்டு, கோட்டையும் ஓய்வூதியமுமாக இருந்த மன்னர் அவர். தனக்கென்று ஒரு படை இல்லாதவர் இன்னொருவர் படையின் வெற்றிக்கு எழுப்பிய கோபுரம். முன்பு அதைப் பார்க்கும்போதெல்லாம் சிரிப்பு வரும். இப்போது வருவதில்லை. ஊர் பேர் தெரியாத பிரெஞ்சு குதிரைப்படைக்குப் பொத்தான் வரைந்துகொண்டு உட்கார்ந்திருக்கிற நான் சரபோஜியைச் சிரிக்க என்ன இருக்கிறது?

அதே போர்களின் முடிவைத்தான் வில்லியம் சைபோர்ன் என்கிற ஆங்கில ராணுவ அதிகாரி மேஜைமேல் செய்து பார்த்தார். வாட்டர்லூ களம் முழுவதும், எழுபதாயிரத்துக்கும் அதிகமான குட்டிச் சிப்பாய்களோடு. 1830இல் தொடங்கி 1838இல் லண்டனில் காட்சிக்கு வைத்தார். நடுவில் அரசு கையை விரித்தது, கடன் வாங்கி முடித்தார். செலவு மூவாயிரம் பவுண்டை நெருங்கியது. போட்ட பணம் அவர் ஆயுளில் திரும்பவில்லை. இன்று அந்த மாதிரி லண்டனில் தேசிய ராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது, விலை மதிக்க முடியாதது என்பார்கள். விலை மதிக்க முடியாததாக ஆனபின் அதில் சைபோர்னுக்கு ஒரு பென்னி பங்கு இல்லை.

பங்கு என்கிற இந்த விஷயத்துக்குச் சட்டத்திலேயே ஓர் இடம் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. பிரான்ஸ் 1920இல் கொண்டுவந்தது. ஓவியம் மறுபடி மறுபடி விற்கப்படும்போது ஓவியருக்கு ஒரு பங்கு. நம் பதிப்புரிமைச் சட்டத்திலும் 53ஏ என்று ஒரு பிரிவு, 1994 திருத்தத்தில் சேர்ந்தது. ஓவியம், சிற்பம், கையெழுத்துப் பிரதி போன்றவற்றின் மூலப்படி பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையானால் படைத்தவருக்கோ வாரிசுக்கோ அதில் பங்கு, அதிகபட்சம் பத்து சதவீதம். இதைப் படித்தபோது எனக்கு ஒரு பரபரப்பு வந்தது. சிக்கல் ‘மூலப்படி’ என்ற சொல்லில். அச்சில் ஆயிரம் தட்டியெடுத்த சிப்பாயில் எது மூலம்? ஒருவர் அச்சை இன்னொருவர் நகலெடுப்பது இந்தத் தொழிலில் சகஜம். தஞ்சாவூர் தலையாட்டிப் பொம்மைக்குப் புவிசார் குறியீடு உண்டு. அதனால் 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்குக் கட்டாயமான தரச்சான்று ஆணையிலிருந்து அங்கீகாரம் பெற்ற கைவினைஞர்களுக்கு விலக்கும் கிடைத்தது. ஆனால் குறியீடு ஊரின் பெயரைக் காக்கிறது. முப்பது வருஷம் கழித்து ஏறும் விலையில் மீசை வரைந்த கைக்கு அது எதுவும் வாங்கித் தராது.

நான் திட்டிய 70 சதவீத வரியும் வெளிநாட்டுப் பொம்மையிடமிருந்து உள்ளூர்ப் பொம்மைக்காரரைக் காப்பதாகச் சொல்லித்தான் போடப்பட்டது. 2020 ஆகஸ்ட் வானொலி உரையில் பிரதமர் சொன்ன பொம்மை ஊர்களில் தஞ்சாவூரும் ஒன்று. என் பிளாஸ்டிக் குதிரைக்கு வரி ஏறியதால் யாராவது ஒரு கொலு செட் கூடுதலாக வாங்கினார்களா என்றால், என் விஷயத்தில் இல்லை. இரண்டையும் ஒரே அலமாரியில் வைத்தே நான் யோசித்ததில்லை.

எதிர்காலம் என்று கேட்டால் எங்கள் கூட்டத்தில் எல்லாரும் முப்பரிமாண அச்சைக் காட்டுவார்கள். ரெசின் அச்சு இயந்திரம் ஒன்றை நண்பன் வாங்கிவிட்டான். கோப்பு இருந்தால் போதும், சில ரூபாய் ரெசினில் ஒரு சிப்பாய், எத்தனை வேண்டுமானாலும். மென்பொருள்காரனான எனக்கு இது பழக்கமான உலகம். முதல் பிரதிக்குத்தான் உழைப்பு, பிறகு நகலுக்குச் செலவே இல்லை. உறை பிரிக்காத பெட்டியைச் சேர்ப்பவர்கள் நடுங்குகிறார்கள், வண்ணம் தீட்டுவதற்காக வாங்குபவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள். போன ஆடி மாதம் விளையாட்டாக எங்கள் வீட்டுச் சிப்பாயைப் போனில் சுற்றிச் சுற்றிப் படமெடுத்து முப்பரிமாணக் கோப்பாக்கி அச்சிட்டுப் பார்த்தோம். கையில் அகப்பட்டது ஏழாவது ஆள். முழங்கைக்குக் கீழே அப்பா வைத்த எம்சீல் உருண்டை உட்பட அப்படியே வந்தது.

சுற்றிவளைத்து இவ்வளவு சொல்வது இதற்காகத்தான். அந்தச் சமயத்தில் எடுத்த செட்டின் படத்தை ஒருவருக்கு அனுப்பியிருந்தேன். பழைய கொலு பொம்மைகளைச் சேர்க்கிற சென்னைக்காரர், நண்பனின் நண்பர். பத்து நிமிஷத்தில் பதில்: “முழு செட்டா? 18,000 தரேன்.”

சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க ஒன்றுமில்லை. அறுபது ரூபாய் பதினெட்டாயிரம். நெல்லில் எத்தனை சிப்பம் என்றுகூட மனசு கணக்குப் போட்டது. அப்புறம்தான் அந்தப் பத்து சதவீதம் உறுத்த ஆரம்பித்தது. ஆயிரத்தெண்ணூறு. சட்டம் கட்டாயப்படுத்தாது, ஆனால் கொடுத்தால் யாரும் தடுக்கப் போவதில்லையே. படத்தை எடுத்துக்கொண்டு மறுபடி அந்தப் பொம்மைக்காரரிடம் போனேன். இது உங்கள் அப்பா செய்ததாக இருக்குமா என்று கேட்டேன். ஏன் கேட்கிறேன் என்று சொல்லவில்லை.

விரலால் படத்தைப் பெரிதாக்கி ரொம்ப நேரம் பார்த்தார். “இல்ல தம்பி. எங்கப்பா மீசைய ஒரே இழுப்புல போடுவாரு. இது ரெண்டு பக்கமும் தனித்தனியாப் போட்டது. பண்ருட்டிப் பக்கம் செஞ்சதாயிருக்கலாம், வேற எங்கயாவதும் இருக்கலாம்.” கொஞ்சம் கழித்து, “பொம்பளைங்க போட்ட மீசை மாதிரி இருக்கு. எங்க வீட்லயும் அவங்கதான் பாதி வேலை” என்றார்.

ஆக, கடன் இருக்கிறது, கொடுக்க முகவரி இல்லை. முகவரி இல்லாத கடனை வைத்துக்கொண்டு என்ன செய்வது? செய்தவர் கிடைக்காவிட்டால் செய்கிறவருக்குக் கொடுக்கலாம் என்று ஒரு சமாதானம் தோன்றியது. புது அணிவகுப்பு செட்டின் விலையைக் கேட்டேன். போன வருஷத்தைவிட முந்நூறு ஏறி 3500. சரி என்று பணத்தை எடுத்தேன். அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். பேரம் பேசாத ஆளை அவருக்குப் பிடிக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். நூறு ரூபாயைத் திருப்பிக் கொடுத்து, “மொத வியாபாரம், வச்சுக்கங்க” என்றார். தர்மம் வாங்கிக்கொள்ள அவருக்கு என்ன தலையெழுத்து. என் குற்றவுணர்வுக்கு அவர் கடை வைக்கவில்லை.

வீட்டில் அம்மாவிடம் பதினெட்டாயிரம் விஷயத்தைச் சொன்னேன். அப்பாயி வாங்கியது, கொடுக்கக் கூடாது என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். உண்மையில் அப்படிச் சொல்லிவிட்டால் எனக்கு முடிவெடுக்கும் வேலை மிச்சம்.

“குடுத்துடேன்” என்றார். “பரண்ல எடம் இல்ல. உனக்கும் அந்த ஃப்ளாட்ல அஞ்சு படி கட்ட எடம் கெடையாது. உன் தங்கச்சி கனடாவுக்கா எடுத்துட்டுப் போகப்போறா? ஆசையா வச்சிருக்கறவங்க வச்சிக்கட்டும்.”

பிறகு நோட்டை எடுத்துப் புது செட்டுக்கு வரி எழுத உட்கார்ந்தவர், தலை நிமிராமலே கேட்டார்: “ஏழாவது ஆளுக்குக் கை ஒட்டுப்போட்டதுன்னு அவர்கிட்ட சொன்னியா?”

சொல்லவில்லை. படமெடுக்கும்போது அந்தச் சிப்பாயைப் பேண்டுக்காரனின் முரசுக்குப் பின்னால் கொஞ்சம் திருப்பி நிறுத்தியிருந்தேன். அழகுக்காகத்தான் அப்படி வைத்தேன் என்று அந்த நேரத்தில் நினைத்திருந்தேன். பிறத்தியார் பொருளையும் தன் பொருள்போலப் பேணச் சொல்லி வள்ளுவர் வணிகருக்குச் சொன்னதை நான் எப்போதும் எதிர்ப்பக்கத்தில் நிற்கிற கடைக்காரருக்குச் சொன்னதாகவே படித்துவந்திருக்கிறேன்.

பரணிலிருந்து செட்டை இறக்கி, ஏழாவது ஆளை மட்டும் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, முழங்கை தெரிகிற மாதிரி இரண்டு படம் எடுத்து அனுப்பினேன். ‘வலது கை 1990களில் எம்சீல் போட்டு ஒட்டியது’ என்று கீழே எழுதினேன். பார்த்துவிட்டார், இரண்டு நீல டிக் விழுந்திருக்கிறது. நாலு நாளாகியும் பதில் இல்லை. மகாளய அமாவாசைக்கு இன்னும் ஆறு நாள். அதற்குள் பதில் வராவிட்டால் இந்த வருஷமும் நாலாவது படி என்று அம்மா சொல்லிவிட்டார், புது செட்டுக்குப் பக்கத்தில்.